மாத்திரை கொடுத்த முகம்

தம்பி,

நேற்று உன் மனைவி வந்திருந்தாள். வரக்காப்பொலையில் பஸ் ஏறி, ருவன்வெல்லையில் மாறி, யட்டியாந்தோட்டையில் இறங்கி, கொட்டுகிற மழையில் ரப்பர் மலை ஏறி நம் லயத்து வரிசைவீட்டுக்கு வந்து சேர்ந்தாள். நான் பிள்ளைமடுவத்தைப் பூட்டிவிட்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தேன். வாசலில் குடையைச் சுருக்கிக்கொண்டு ஒரு பெண் நின்றாள். “அத்தை, நான் ரேவதி, ஒங்க மருமக” என்றாள். அவளை நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. உன் கல்யாணப் பதிவுக்கு அப்பாவை மட்டும்தானே கூப்பிட்டாய். அவளுக்கு வயிறு லேசாகத் தெரிந்தது. உள்ளே கூட்டிப்போய்த் தலையைத் துவட்டிவிட்டு, தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். அவள் அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே அழுதாள்.

பதிவுக்கு முன்னாலிருந்தே நீ மாத்திரையை நிறுத்திவிட்டாய் என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கல்யாணச் சட்டைக்குள் உடம்பு கொஞ்சமாவது சிறியதாகத் தெரியவேண்டும் என்று நிறுத்தினாயாம். அதற்குப் பிறகு திரும்பத் தொடங்கவே இல்லையாம். போன வாரம் காலையில் எழுந்தபோது கண் திறக்க முடியாத அளவுக்கு முகம் வீங்கியிருந்ததாம். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவள் கெஞ்சினால், அங்கே போனால் முதலில் தராசில்தான் ஏறச் சொல்வார்கள் என்று மறுத்துவிட்டாயாம். உன் அம்மாவிடம் சொல்லட்டுமா என்று கேட்டதற்கு, “எங்கம்மாவுக்கு என்னையத் தெரியாது” என்று சொன்னாயாம். ஏதோ கோபத்தில் பேசுகிறாய் என்றுதான் அவள் நினைத்திருக்கிறாள். அது உள்ளபடியே நடந்த ஒன்று என்று அவளுக்குத் தெரியாது. நானும் அவளிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லவேண்டியதை முதலில் அவளிடம் சொல்வது முறையில்லை என்று தோன்றியது. அதனால்தான் எழுதுகிறேன். பிள்ளைமடுவத்தில் குழந்தைகளின் பெயரும் நிறையும் எழுதிப் பழகிய கைக்கு இவ்வளவு நீளமாக எழுத வராது. பொறுத்துக்கொண்டு கடைசிவரை வாசி.

நீ கைக்குழந்தையாக இருந்தபோதே, பால்வெட்டப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நான் அங்கே ஆயா வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். மாதத்துக்கு ஒருமுறை மிட்வைஃப் அம்மா வருவார். உத்தரத்துக் கொக்கியில் தராசை மாட்டி, காற்சட்டை மாதிரித் தைத்த துணிக்குள் குழந்தைகளின் காலை நுழைத்துத் தொங்கவிடுவார். நான் முள்ளைப் பார்த்துச் சொல்லவேண்டும், அவர் அட்டையில் புள்ளி வைப்பார். பச்சையில் புள்ளி விழுந்தால் தாய்மார் சிரித்துக்கொண்டு போவார்கள். உன் புள்ளி எப்போதும் சிவப்பில்தான் விழுந்தது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் சோறூட்டுகிறவளுடைய பிள்ளையே சிவப்பில் இருக்கிறான் என்று அத்தனை பேருக்கும் முன்னால் அவர் சொல்வார். திரிபோஷா சத்துமாவைச் சீனி போட்டு உருட்டி உன் வாயில் திணிப்பேன். நீ கன்னத்தில் அடக்கிவைத்திருந்துவிட்டு, நான் திரும்பியதும் துப்பிவிடுவாய். உன் தொடையில் ஒரு மடிப்புச் சதை விழாதா என்று நான் ஏங்கிய ஏக்கம் கொஞ்சமில்லை. பள்ளிக்கூடத்தில் உன்னை ஈர்க்கு என்று கூப்பிட்டார்கள். நீ அதற்கெல்லாம் அசைந்ததே இல்லை. பெக்டரிக்குக் கீழே இருக்கும் பிட்டி மைதானத்தில் வலை கட்டி வொலிபோல் விளையாடுவீர்களே, அங்கே நீ எகிறி அடித்தால் எல்லாரும் கைதட்டுவார்கள். நான் மேலே ரோட்டில் நின்று பார்ப்பேன். மற்றவர்கள் பந்தைப் பார்ப்பார்கள். நான் உன் கழுத்தெலும்பைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

கொழும்புக்கு நீ போனதும் அந்த உடம்போடுதான். புறக்கோட்டையில் புடவைக்கடை, முன்பக்கத்தில் நின்று வேலை. சேலையை விரித்து உன் தோளிலேயே போட்டுக் காட்டச் சொல்கிறார்கள், பெண்பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்று முதல் தீபாவளிக்கு வந்தபோது சொன்னாய். அப்பா சிரித்துச் சிரித்து இருமிவிட்டார். அதற்குப் பிறகு கொமினிகேஷன் கடைக்குப் போய் நான் உனக்குப் போன் எடுக்கும்போதெல்லாம் கேட்டது ஒரே கேள்விதான். சாப்பிட்டாயா, நல்லா சாப்பிடுகிறாயா, மெலிந்துபோகவில்லையே? நீ “ம்” என்பாய். வேலைக் களைப்பு என்று நினைத்துக்கொள்வேன்.

உனக்குச் சிறுநீரகத்தில் வருத்தம் வந்தது, காலும் முகமும் வீங்கிப் பெரியாஸ்பத்திரியில் கிடந்தது, மாதக்கணக்கில் விழுங்கச் சொல்லிப் பெரிய மாத்திரைகள் கொடுத்தது, அந்த மாத்திரையால் பசி அடங்காமல் உடம்பு வைத்துக்கொண்டே போனது, ஒன்றுமே எங்களுக்குத் தெரியாது. எங்களிடம் காய்ச்சல் என்றாய். ஒரு தீபாவளிக்கு லீவு இல்லை என்றாய், அடுத்ததற்கும் லீவு இல்லை என்றாய். கடையில் உன்னை முன்பக்கத்திலிருந்து எடுத்துப் பின்னால் ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள் என்பதும் பிறகு தெரியவந்ததுதான். ஸ்டோரில் மூட்டைகளுக்கு நடுவே இருந்தால் யார் கண்ணிலும் படவேண்டியதில்லை என்று நீயே கேட்டுத்தான் போனாய் என்று உன் முதலாளி சொன்னார். அந்த இரண்டாவது தீபாவளிக்கு நான் பசாரில் ஒரு நீலச் சட்டை வாங்கி, கொழும்புக்குப் போன பக்கத்து லயத்துப் பையனிடம் கொடுத்தனுப்பினேன். உன் பழைய அளவு. கடை வாசலில் வேறு யாரோ வாங்கிக்கொண்டார்கள், உன்னைக் காணவில்லை என்று அவன் வந்து சொன்னான். அந்தச் சட்டையை நீ கையில் எடுத்துப் பார்த்திருப்பாய். ஒரு கை நுழைந்திருக்காது. அன்று உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த செக் பொயின்ட். யுத்தம் நடந்த அந்த நாட்களில் கொழும்பில் தமிழ்ப் பொடியன் என்றால் அடையாள அட்டையை நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நடந்தாலும் போதாது. உன் அட்டையில் இருந்தது பள்ளிக்கூடத்தில் எடுத்த படம், கன்னம் ஒட்டிப்போன ஒரு பையன். எதிரே நின்றது வேறு முகம். அட்டை யாருடையது, எங்கே எடுத்தாய் என்று கேட்டுக் கொண்டுபோய்விட்டார்கள். முதலாளி தோட்டத்துக்குப் போன் எடுத்து, தாயும் தகப்பனும் பிறப்புச் சாட்சிப்பத்திரத்தோடு வந்து ஆளை அடையாளம் காட்டவேண்டும் என்றார். நீ இளைத்துக் கிடப்பாய், அடித்திருப்பார்கள், என்றுதான் பஸ் முழுக்க நினைத்துக்கொண்டு போனேன். அவிசாவளை தாண்டியதிலிருந்து அப்பா சாட்சிப்பத்திரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார்.

பொலிசில் ஒருவரைத்தான் உள்ளே விட்டார்கள். எனக்குச் சிங்களம் நன்றாக வரும் என்பதால் அப்பா என்னைப் போகச் சொன்னார். மேசைக்குப் பின்னால் இருந்த பெரியவர் மரியாதையாகத்தான் பேசினார், கதிரை தரச் சொன்னார். பிறகு இரண்டு பேரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஒருவன் குட்டையான சின்னப் பையன். மற்றவன் தாடி வளர்ந்த, பருத்த ஒரு ஆள், முகம் வட்டமாக வீங்கி, கழுத்து தெரியாமல். நான் இரண்டு பேரையும் பார்த்தேன். பிறகு அவர்களுக்குப் பின்னால் இருந்த கதவைப் பார்த்தேன். என் பிள்ளை இனிமேல்தான் அந்தக் கதவால் வரப்போகிறான் என்று நினைத்தேன். இவர்களில் யார் உங்கள் மகன் என்று பெரியவர் கேட்டார்.

“நே மாத்தயா, மெயாலா நெவெய்” என்றேன். இவர்கள் இல்லை என்று சொன்னேன்.

தம்பி, அந்த ஆள் நான் உள்ளே வந்ததிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அப்படிச் சொன்னதும் தலையைக் குனிந்துகொண்டான். நீ ஒரு தடவை “அம்மா” என்று கூப்பிட்டிருந்தால் போதும். நீ கூப்பிடவில்லை. அவர்கள் கையைப் பிடித்ததும் திரும்பி உள்ளே நடந்துவிட்டாய். நான் வெளியே வந்து அப்பாவிடம், நம் பிள்ளை அங்கே இல்லை, வேறெங்கோ கொண்டுபோய்விட்டார்கள் என்று சொல்லி அழுதேன். உன் முதலாளி கேட்டிலே நின்றார். அவர்தான், “என்னம்மா சொல்றீங்க? அந்த குண்டாளுதான் ஒங்க மகன். மாத்திரை குடிச்சு ஊதிப்போயிட்டான். ஒங்களுக்குத் தெரியாதா?” என்று கேட்டார். அப்பா அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் திரும்பி ஓடினேன்.

அவன்தான் என் மகன், அவன்தான் என்று அந்தப் பெரியவரின் மேசையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். முதலில் இல்லை என்றீர்கள், வெளியே யாரோடோ பேசிவிட்டு வந்து இப்போது ஆமாம் என்கிறீர்கள், ஒரு தாய்க்குப் பெற்ற பிள்ளையைத் தெரியாமல் போகுமா என்று கேட்டார். பொய் சொல்லி யாரையோ வெளியே எடுக்கப் பார்க்கிறேன் என்று அவர் நினைத்துவிட்டார். உன்னைத் திரும்ப ஒருமுறை காட்டச் சொல்லிக் கேட்டேன். காட்டவில்லை. அதற்குப் பிறகு தோட்டத்து ஆபிஸ் கடிதம், கிராம சேவகர் கடிதம், வக்கீல் என்று நாங்கள் அலைந்ததும், கடைசியில் கோர்ட்டில் உன்மேல் ஒன்றும் இல்லை என்று விட்டதும் உனக்குத் தெரியும். அதற்குள் மாதங்கள் போய்விட்டன. மாத்திரையை நாங்கள் ஜெயில் கேட்டில் கொண்டுபோய்க் கொடுப்போம். சில நாள் வாங்குவார்கள், சில நாள் வாங்கமாட்டார்கள். நடுவிலே அப்படி விட்டுப்போனதால்தான் வருத்தம் முற்றிவிட்டது, இனி நீண்ட காலம் விழுங்கவேண்டும் என்று பிறகு டொக்டர் சொன்னார்.

வெளியே வந்து நம் வீட்டுக்கு வந்தாயே, அந்தச் சில நாட்களை நான் எழுதத்தான் வேண்டும். உன்னைப் பார்க்க லயமே வந்தது. கொழும்புச் சாப்பாடு நன்றாக ஒட்டியிருக்கிறது என்றார்கள், உள்ளேயும் வஞ்சகமில்லாமல் போட்டிருக்கிறார்கள் போல என்றார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்களும் உன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார்கள். நீ எங்களுக்கு முன்னால் சாப்பிடமாட்டாய். சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு அடுப்படிக் குசினிக்குள் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவாய். டிஸ்பென்சரியில் சிட்டு எழுதி வாங்கினால்தான் ஆஸ்பத்திரியில் கிளினிக் கிடைக்கும் என்று அப்பா உன்னைக் கூட்டிப்போனார். அன்று பிள்ளைகளுக்கு ஊசி போடும் நாள். தாய்மாரும் குழந்தைகளுமாக வாசல் நிறைந்திருந்தது. டிஸ்பென்சரி ஐயா உன்னைத் தராசில் ஏற்றி, நிறையைச் சத்தமாகச் சொல்லி, “ஒபீஸ்” என்று எழுதி, அதையும் வாய்விட்டுச் சொன்னார். அவருக்கு அது உடற்பருமன் என்ற வருத்தத்தின் பெயர், எழுதவேண்டியதை எழுதினார். வாசலில் நின்ற பிள்ளைகளுக்கு அது ஒரு வேடிக்கைச் சொல். அடுத்த நாள் நீ தண்ணீர்ப் பீலிக்குப் போகும்போது பின்னாலிருந்து “ஒபீசு, ஒபீசு” என்று கத்தினார்கள். அதில் பாதிப்பேர் நான் சோறூட்டி வளர்த்த பிள்ளைகள். நீ வாளியைப் பீலியிலேயே வைத்துவிட்டு வந்து, பையை எடுத்துக்கொண்டு, அப்பாவிடம் மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப்போனாய். நான் பின்னாலேயே ரோட்டு வரைக்கும் வந்தேன். நீ திரும்பிப் பார்க்கவில்லை.

வரக்காப்பொலையில் இரும்புக்கடையில் வேலை கிடைத்ததையும், பக்கத்துக் கடையில் தையல் வேலை செய்கிற பெண் உனக்குச் சோறு கொண்டுவந்து கொடுக்கிறாள் என்பதையும் அப்பா வந்து சொல்லித்தான் கேட்டேன். மாதம் ஒருமுறை அவர் வந்து உன்னைப் பார்த்துவிட்டுப் போவார். நான் ஏதாவது செய்து கட்டிக் கொடுத்தால் கடையில் வாங்கியதாகச் சொல்லிக் கொடுப்பார். யுத்தம் முடிந்தது என்று பசாரில் வெடி கொளுத்தினார்களே, அந்தச் சமயத்தில்தான் உன் கல்யாணப் பதிவும் நடந்தது. அப்பா திரும்பி வந்து, பெண் நல்ல பெண், பையன் சந்தோசமாக இருக்கிறான் என்றார். படம் எடுத்தார்களா என்று கேட்டேன். எடுக்கவிடவில்லை என்றார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை படம் எடுக்கவேண்டாம் என்று சொன்னால், அவன் மனதுக்குள் என்ன இருந்தது என்று கேட்காமலே எனக்குத் தெரிந்தது.

நான் அன்று ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீ எத்தனையோ விதமாக நினைத்திருப்பாய். பொலிசுக்குப் பயந்து சொன்னேன் என்று நினைத்திருந்தால்கூட உனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். என்னைப் பார்த்து அம்மாவுக்கே அருவருத்துப்போயிற்று என்றுதான் நீ நினைத்திருக்கிறாய், ரேவதி பேசியதிலிருந்து எனக்கு அது புரிந்தது. அருவருப்பு இல்லை, தம்பி. வேறு யாரோ ஒருவருடைய பிள்ளை என்று நினைத்தேன். இந்தப் பிள்ளையைத் தேடி இன்னும் யாரும் வரவில்லையே, பாவம் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அது உன்னைப் பார்த்து நினைத்ததுதான். அதை உன்னிடம் சொல்ல எனக்கு இவ்வளவு காலம் இடம் கிடைக்கவில்லை.

மாத்திரையை நிறுத்தாதே. இதற்காகத்தான் உன் மனைவி மழையில் நனைந்து வந்தாள். நீ நிறுத்தினால் மெலியமாட்டாய். இப்போது உன் முகத்தில் இருப்பது சதையும் இல்லை, தண்ணீர். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று டொக்டர் உன்னிடமும் சொல்லியிருக்கிறார், அப்பாவிடமும் சொல்லியிருக்கிறார். உடம்பு பெருத்தால் பெருக்கட்டும். சட்டையைப் பெரிதாகத் தைக்க வீட்டிலேயே ஆள் இருக்கிறாள். தராசில் ஏறச் சொன்னால் ஏறு. என்ன பெயர் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும். நான் எத்தனையோ வருடம் அந்த முள்ளைப் பார்த்துச் சொன்னவள். சிவப்பில் கிடந்த பிள்ளைகள் லொறி ஓட்டுகிறார்கள், பச்சையில் இருந்த ஒரு பிள்ளையை நாங்கள் தூக்கிக்கொண்டுபோய்ப் புதைத்திருக்கிறோம். உன் குழந்தையையும் நாளைக்குத் தொங்கவிட்டு நிறை பார்ப்பார்கள். புள்ளி எந்த நிறத்தில் விழுந்தாலும் அதை மடியில் வாங்கிக்கொள்ள நீ இருக்கவேண்டும். ரேவதி நல்ல பெண். ஆனால் அவள் கைகள் இரண்டுதான்.

அவளை நேற்றே திருப்பி அனுப்ப மனமில்லாமல் இருக்கச் சொன்னேன். நீ தனியாக இருப்பாய் என்று அவள் கேட்கவில்லை. அப்பா கூடவே போய் பஸ் ஏற்றிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன் என்று அவளிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். திங்கட்கிழமை கிளினிக்குக்கு உன்கூட வருவேன், நீ சம்மதித்தால். சம்மதிக்காவிட்டால், கதவைத் திறக்கப் பிடிக்காவிட்டால், ரேவதியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு. நான் கோபிக்கமாட்டேன். வாசலில் கொஞ்சநேரம் இருந்துவிட்டு அடுத்த பஸ்சுக்குப் போய்விடுவேன்.

திறந்தால் ஒன்றே ஒன்று கேட்பேன். எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடு. எவ்வளவு போட்டுக்கொள்கிறாய் என்று பார்க்கமாட்டேன், இன்னும் கொஞ்சம் போடு என்றும் சொல்லமாட்டேன், போதும் என்றும் சொல்லமாட்டேன். நீ சாப்பிட்டு முடிக்கும்வரை உன்னைப் பார்த்துக்கொண்டிருக்க விடு. இந்த முகம் எனக்குப் பழகவேண்டும்.

அம்மா